ஏழு ஆட்டத்தில் ஓர் ஆளை எடைபோட முடியுமா?

1908-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி, சீசனுக்கு முன் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் பயிற்சி முகாம் போட்டது. முகாம் முடிந்து கிளம்பும்போது, மைதான வாடகைக்கு ஈடாக ஓர் இளைஞனை உள்ளூர் அணியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவன் பெயர் ட்ரிஸ் ஸ்பீக்கர். இன்றும் பேஸ்பால் வரலாற்றில் அதிக டபுள் (ஒரே அடியில், ஓடித் தொடவேண்டிய நான்கு ‘பேஸ்’களில் இரண்டாவதை எட்டுவது) அடித்தவர் அவர்தான்: 792.

முந்தைய ஆண்டு பாஸ்டனுக்காக 7 ஆட்டங்கள் ஆடியிருந்தான். 19 முறை மட்டை பிடித்து 3 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது), சராசரி .158, அதாவது ஆயிரத்துக்கு 158. அடுத்த சீசனுக்கு ஒப்பந்தமே வரவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் ஜான் மெக்ராவிடம் வாய்ப்புக் கேட்டுப் பார்த்தான். அவரும் வேண்டாம் என்றுவிட்டார்.

இவர்கள் ஆட்டம் தெரியாதவர்கள் அல்ல. அப்படியானால் எங்கே தவறினார்கள்? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேஸ்பாலில் 10 முறைக்கு 3 முறை ஹிட் அடிப்பவர் மிக நல்ல ஆட்டக்காரர். அப்படி ஒருவர் 19 முறை ஆடினால், வெறும் தற்செயலாலேயே 3 அல்லது அதற்கும் குறைவான ஹிட்டோடு திரும்ப 100-க்கு 13 வாய்ப்பு உண்டு. இதன் மறுபக்கமும் இருக்கிறது. 10-க்கு 2 மட்டுமே அடிக்கக்கூடிய சுமாரான ஆள், அதே 19 முறையில் 6 ஹிட்டோ அதற்கு மேலோ அடித்துப் பிரமாதமானவராகத் தெரிய 100-க்கு 16 வாய்ப்பு. அதாவது அந்த ஒரு வாரத்தை மட்டும் பார்ப்பவருக்கு வைரமும் கூழாங்கல்லும் இடம் மாறித் தெரியலாம். 19 முறையில் நல்ல ஆட்டக்காரரின் சராசரி .200-க்கும் .400-க்கும் இடையே சர்வசாதாரணமாக ஊசலாடும். 500 முறை ஆடவிட்டால்தான் அந்த ஊசலாட்டம் .280, .320 என்ற அளவுக்கு ஒடுங்கும்.

அன்றைய மேனேஜர்களுக்கு 500 முறை காத்திருக்கும் வசதி ஏது? யாரோ எழுதிய கடிதம், பழைய சகாவின் சிபாரிசு, ஓரிரு நாள் சோதனை ஆட்டம், அவ்வளவுதான் கையில் இருந்தது.

ஆனால் குறைந்த நேரத்தில் எடைபோடக்கூடிய திறமையும் உண்டு. பந்தின் வேகம் அப்படிப்பட்டது. அது அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. சில பந்துகளிலேயே தெரிந்துவிடும். 1907-இல் வாஷிங்டன் அணி, காயத்தால் ஆடமுடியாமல் இருந்த கேட்சர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) கிளிஃப் பிளாங்கன்ஷிப்பை ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பியது. வைசர் என்ற சிற்றூரில் பந்தெறிந்துகொண்டிருந்த வால்டர் ஜான்சனை அவர் ஒப்பந்தம் செய்தார். அந்த ஜான்சன் பின்னாளில் 417 வெற்றிகள் (பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வி பந்தெறிபவர் கணக்கிலும் சேரும்) பெற்றார். பிளாங்கன்ஷிப்பின் கண் கூர்மையானதுதான். ஆனால் அவர் அளக்கப் போன பொருளும் சட்டென்று அளக்கக்கூடியது என்பதை மறக்கக்கூடாது.

வெற்றி தோல்வி எண்ணிக்கை அப்படிப்பட்டதல்ல. கிறிஸ்டி மாத்யூசன் 1900-இல் நார்ஃபோக் அணிக்காக 20 வென்று 2 மட்டுமே தோற்றவர். ஜயன்ட்ஸுக்கு வந்ததும் 3 தோல்வி, ஒரு வெற்றிகூட இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி அவரைப் பெற்ற பிறகும், 1902-இல் மேனேஜர் ஹோரஸ் ஃபோகல் அந்தப் பந்தெறியாளரை முதல் பேஸைக் காக்க நிறுத்திப் பார்த்தார்! அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பேற்ற மெக்ரா அதை நிறுத்தி, பந்தைத் திரும்ப அவர் கையில் கொடுத்தார். 1905 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சாம்பியன் போட்டி) மாத்யூசன் 3 ஆட்டங்கள், 27 இன்னிங்ஸ் எறிந்தார். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கிடைக்கவில்லை. ஸ்பீக்கரைத் தவறவிட்ட மெக்ராதான் இதையும் செய்தவர். அதனால் அவருக்குக் கண் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஸ்பீக்கர் என்ன ஆனார்? லிட்டில் ராக்கில் முழு சீசன் ஆடக் கிடைத்தது. சராசரி .350. ரெட் சாக்ஸ் 500 டாலர் கொடுத்து அவரைத் திரும்ப வாங்கிக்கொண்டது.

1912 உலகத் தொடரின் கடைசி ஆட்டம், பாஸ்டனில். பத்தாவது இன்னிங்ஸில் மெக்ராவின் ஜயன்ட்ஸ் 2-1 என முன்னிலை. எறிபவர் மாத்யூசன், மட்டையோடு நிற்பவர் ஸ்பீக்கர். அவர் தூக்கி அடித்த ஒரு எளிய கேட்ச்சை ஜயன்ட்ஸ் ஆட்கள் யாரும் பிடிக்காமல் விட்டார்கள். அடுத்து அவர் அடித்த ஹிட்டில் ஆட்டம் சமன். அந்த இன்னிங்ஸிலேயே பாஸ்டன் 3-2 என்று ஜெயித்தது.