புகைச் சான்றிதழுக்காக ஈ.ஜீ.ஆரை அடைக்க வேண்டுமா?

டெக்ஸ், அதாவது வண்டியின் வருமான அனுமதிப்பத்திரம், முடிகிற திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான் பழைய டீசல் வண்டிக்காரருக்குப் புகைச் சான்றிதழ் ஞாபகம் வரும். கராஜுக்குப் போனால் ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், "ஈ.ஜீ.ஆரை அடைச்சிட்டாச் சரி அண்ணன், புகை நின்டிரும்" என்பார். ஈ.ஜீ.ஆர் என்பது இஞ்ஜினில் உள்ள ஒரு வால்வு, அதன் வேலையைப் பிறகு சொல்கிறேன். அடுத்த கராஜில், புகையைச் சுத்தமாக்கும் கன்வேட்டரைக் காட்டி, "கன்வேட்டரக் கழட்டி உள்ளுக்க இருக்கிறதத் தட்டிட்டுப் பூட்டுவம், இழுவையும் கூடும்" என்பார்கள். இரண்டு வேலைக்கும் கூலி உண்டு. சான்றிதழ் கிடைக்குமா, வண்டிக்கு நல்லதா, சட்டம் என்ன சொல்கிறது என்பது வேறு கதை.

முதலில் விதி. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2003 ஜூன் 30ஆம் திகதி வெளியான 1295/11 இலக்க அதிவிசேட வர்த்தமானி இலங்கையில் வாகனப் புகைக்கு அளவு போட்டது. பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களுக்கு வந்தது. மேற்பார்வை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தினது. நிலையங்களை நடத்துவது தனியார் நிறுவனங்கள். சான்றிதழ் ஒரு வருடத்துக்குச் செல்லும். அதுவும் காப்புறுதியும் இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. லொறி, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். டெக்ஸ் காசு மாகாணத்துக்குப் போகிறது, புகை விதி கொழும்பிலிருந்து வருகிறது. அதனால் பிரதேச செயலகத்தில் இருப்பவரிடம் "புகை அளவைக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்று கேட்பதில் பயனில்லை.

நிலையத்தில் நடப்பதைச் சொல்கிறேன். இஞ்ஜின் சூடாக இருக்க வேண்டும். சைலன்சரில் ஓட்டை, ஒழுக்கு இருக்கக் கூடாது; இருந்தால் அளவு பிழைக்கும். கியரை நியூட்ரலில் விட்டு, சைலன்சர் வாய்க்குள் ஒரு குழாயைச் செருகுவார்கள். பிறகு அக்சிலரேட்டரை ஒரேயடியாக அடிவரை மிதிக்க வேண்டும், விட வேண்டும், திரும்ப மிதிக்க வேண்டும். என் பழைய 2சி டீசல் இஞ்ஜின் கொரோலா வேகனை முதன்முதல் கொண்டுபோனபோது நான் பாதிதான் மிதித்தேன். "அப்படியில்ல அண்ணன், காலக் கீழ முட்ட விடுங்க" என்றார் அங்கே நின்ற தம்பி. இஞ்ஜின் கத்திய கத்தலில் எனக்கு நெஞ்சு இடித்தது. பயம் வீண் பயமும் இல்லை. இந்த இஞ்ஜின்களில் டைமிங் பெல்ட் இருக்கிறது. பழுதான பெல்ட் இப்படி மிதிக்கும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து இஞ்ஜினே போய்விடும். பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை நிலையத்துக்குக் கொண்டுபோக முன் அதைத் திறந்து பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தக் குழாயால் வருகிற புகைக்கூடாக இயந்திரம் ஒளியைப் பாய்ச்சுகிறது. எவ்வளவு ஒளி மறிபடுகிறது என்பதைத்தான் 'கே' பெறுமதியாக எழுதுகிறது. பூச்சியம் என்றால் தெளிந்த காற்று, கூடக்கூடக் கறுப்பு. டீசலுக்குப் பார்ப்பது இவ்வளவுதான், கண்ணுக்குத் தெரிகிற புகை. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஒட்சைட்டுகளை இந்தப் பரிசோதனை அளப்பதில்லை. ஈ.ஜீ.ஆர் குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

ஈ.ஜீ.ஆர் என்பது வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திரும்ப இஞ்ஜினுக்குள் அனுப்பும் வால்வு. அதனால் எரியும் சூடு குறைகிறது, சூடு குறைய நைட்ரஜன் ஒட்சைட்டும் குறைகிறது. அதற்கு விலையாகக் கரி கொஞ்சம் கூடும். ஆகவே வால்வை அடைத்தால் கரி குறையும் என்று பாஸ் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள வால்வு, அக்சிலரேட்டரை அடிவரை மிதிக்கும்போது தானாகவே மூடிக்கொள்ளும். பரிசோதனையும் அடிவரை மிதித்துத்தான். அப்படியானால், அடைத்த பிறகு கே பெறுமதி இறங்கினால் என்ன அர்த்தம்? வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே இறுகிப்போய் நின்றிருக்கிறது என்றுதான் அர்த்தம். கழற்றிக் கழுவிப் பூட்டினாலே அதே பலன் கிடைக்கும். நைட்ரஜன் ஒட்சைட்டும் அதிகரிக்காது, கணினி உள்ள வண்டியில் மஞ்சள் விளக்கும் எரியாது. தகரத் துண்டு வைத்து அடைப்பது பத்து நிமிட வேலை. கழுவுவது அரை நாள் வேலை. பாஸ்மார் எதைச் சொல்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கேடிஎச் (டொயோட்டா ஹையேஸ்) வான்காரருக்கு இன்னொரு தலையிடி இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பிந்திய வான்கள் சிலவற்றில் கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி, அதாவது டீ.பி.எஃப், உண்டு. பிடித்த கரியை அது ஏறத்தாழ 600 பாகை சூட்டில் எரித்துத் தன்னைத் துப்புரவாக்கிக்கொள்ளும். கொழும்பு ஓட்டம் ஓடுகிற வானுக்கு இது பிரச்சினையே இல்லை. மட்டக்களப்பில் கல்லடிக்கும் டவுனுக்கும் இடையில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வான் ஒருநாளும் அந்தச் சூட்டுக்குப் போவதில்லை. வடிகட்டி அடைபடும், இழுவை விழும், "உள்ளுக்க தட்டிருவம்" என்று யாராவது சொல்வார்கள். தட்டினால் அன்றைக்கு வண்டி பறக்கும். அதுவரை வடிகட்டி பிடித்து வைத்த கரி இனி நேரே வெளியே வரும், கே பெறுமதியும் ஏறும். தட்டுவதற்கு முதல் வாழைச்சேனை தாண்டி மன்னம்பிட்டிப் பக்கம் ஒரு சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சாம்பல் குறைந்த ஒயில் ஊற்றுங்கள். டீசலிலும் கவனம் வேண்டும்: சாதாரண ஓட்டோ டீசலைவிட சுப்பர் டீசலில் கந்தகம் மிகக் குறைவு, வடிகட்டிக்கு அதுதான் பொருத்தம். 2சி, 3எல் போன்ற பழைய இஞ்ஜினுக்கு அந்தக் காசு தேவையில்லை என்பது என் எண்ணம்.

சட்டம் என்று வந்தால், பதிவுப் புத்தகத்தில் இஞ்ஜின் இலக்கம், கொள்ளளவு, எரிபொருள், நிறம் எல்லாம் இருக்கும். ஈ.ஜீ.ஆர் என்றோ கன்வேட்டர் என்றோ ஒரு வரி இருக்காது. அதனால்தான் கழற்றினால் கேட்க ஆளில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் புகை விடுகிற வண்டியை வீதியில் ஓட்டுவதே குற்றம். கையில் செல்லுபடியான சான்றிதழ் இருந்தாலும் வீதிச் சோதனையில் மறித்து அளக்கலாம். விபத்து நடந்து காப்புறுதிக்காரர் வண்டியைத் துருவும்போது, அறிவிக்காமல் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பேச்சுக்கு வரும். இஞ்ஜினையே மாற்றினால் இன்னும் கவனம் தேவை. ஜப்பான் இஞ்ஜின் வாங்கும்போது இறக்குமதிப் பத்திரமும் பற்றுச்சீட்டும் சேர்த்து வாங்கி, திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் புது இலக்கத்தைப் பதிய வேண்டும். மலிவு என்று பத்திரம் இல்லாத இஞ்ஜினைப் பூட்டியவர்கள் வண்டியை விற்கப் போகும்போதுதான் மாட்டுகிறார்கள்.

என் வேகன் கதையை முடித்துவிடுகிறேன். முதல் தடவை பெயிலானது. ஒரு கராஜில் பம்பின் ஆணியைத் திருகி டீசலைக் குறைத்துத் தந்தார்கள், பாஸானது. ஆனால் உன்னிச்சை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. திரும்பப் போய் ஆணியைக் கூட்டினேன், பழையபடி கறுப்பு. இந்தத் தில்லுமுல்லை இரண்டு வருடம் செய்தேன், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் வருடம் வேறொரு பாஸ் எயார் ஃபில்டரைத் திறந்து நிலத்தில் தட்டினார். வைக்கோல் கூளமும் தூசும் ஒரு சிரட்டை அளவு கொட்டியது. பெரும்போக வெட்டுக் காலத்தில் படுவான்கரை வயல் வீதிகளில் வெட்டு மெஷினுக்குப் பின்னால் ஓடியதன் மிச்சம். காற்றுக்கு வழி இல்லாத இஞ்ஜின் வேறென்ன செய்யும், கறுப்பாகத்தான் கக்கும். பிறகு நொசில் நான்கையும் கழற்றிச் சோதித்தார். இரண்டு, டீசலைத் தூறலாக விசிறாமல் சொட்டுச் சொட்டாக விட்டன. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடியது நினைவுக்கு வந்தது. மண்ணெண்ணெயில் வழுவழுப்பு குறைவு, பம்பையும் நொசிலையும் அது தின்றுவிடும்.

ஆகவே புகையின் நிறத்தைப் பார்த்துக் காசைச் செலவழியுங்கள். கறுப்பென்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம்: ஃபில்டர், நொசில், பம்ப், கரி பிடித்த ஈ.ஜீ.ஆர். நீலமென்றால் ஒயில் எரிகிறது. ரிங், வால்வு சீல் வரை போக வேண்டிவரும். சூடான பிறகும் வெள்ளை நிற்கவில்லை என்றால் எரியாத டீசல், அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. இதில் ஒன்றுக்காவது எதையும் கழற்றி வீசுவது மருந்தில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் வகைப்படுத்தியது. பள்ளிக்கூட வாசலில் வானை ஸ்டார்ட்டில் விட்டுக் காத்திருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பழைய சான்றிதழ்களை எறிய வேண்டாம். வருடா வருடம் கே பெறுமதியை ஒப்பிட்டால், பெயிலாக முன்னரே எந்த வருடத்திலிருந்து ஏறத் தொடங்கியது என்று தெரியும். டெக்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போய்ச் சோதியுங்கள். பெயிலானாலும் நொசில் வேலைக்கு நாள் இருக்கும். தகரத் துண்டோடு வருகிற பாஸுக்குத் தேவை இருக்காது.