மவுஸ் யார் கையில் இருக்கிறது?

எட்டாம் வகுப்பு வீட்டுப்பாடப் பதிவேட்டில் ஒரு மாணவியின் பெயருக்கு நேரே நான்கு நாள் தொடர்ச்சியாகச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தது. கூப்பிட்டு விசாரித்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"என்ன பாப்பா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல டீச்சர். போன் அப்பாகிட்ட இருக்கு. அப்பா பெங்களூர்ல இருக்காங்க."

தருமபுரி மாவட்டத்தில் மானாவாரி நிலத்தை நம்பிய ஊர் எங்களுடையது. மழை பொய்த்துவிட்டால் பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆயாவோடு தங்கிவிடுவார்கள். வீட்டிலிருக்கும் ஒரே ஸ்மார்ட்போனும் பெற்றோரோடு பஸ் ஏறிவிடும். எங்கள் பள்ளியில் கணக்கு வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. பாடம் முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது, குரூப்பில் போட்டுவிட்டால் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள் என்று ஆசிரியர் நினைத்திருக்கிறார். அந்தக் குரூப்புக்கு அனுமதி கொடுத்தது தலைமையாசிரியரான நான்தான். எத்தனை வீட்டில் போன் இருக்கிறது என்று கணக்கெடுத்தேன். மாலை ஆறு மணிக்கு அந்தப் போன் யார் கையில் இருக்கும் என்று கேட்கத் தவறிவிட்டேன்.

நாடு முழுக்கவே கணக்கெடுப்புகளில் இந்த இடைவெளி தெரிகிறது. 14 முதல் 18 வயதுள்ளவர்களிடம், கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வியை ஆராயும் அசர் அமைப்பு 2023-ல் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்றார்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் தனக்கென்று சொந்தமாகப் போன் வைத்திருக்கும் ஆண் பிள்ளைகள் 43.7 சதவீதம், பெண் பிள்ளைகள் 19.8 சதவீதம். பாதிக்கும் குறைவு. அண்ணன் கையிலிருந்து போன் இறங்கும்வரை தங்கை காத்திருக்கிறாள். அது இறங்கும்போது சமையல் வேலை வந்துவிடும்.

மறுநாளே ஒரு முடிவு எடுத்தோம். குரூப்பில் போகும் எதுவும் முதலில் கரும்பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். போன் இல்லாததால் எந்தப் பிள்ளைக்கும் பெருக்கல் குறி விழக்கூடாது. மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பாடத்தை நிறுத்திவிட்டால் போதுமானதாக இருந்தது.

இதற்குப் பிறகுதான் ஹைடெக் லேப் பக்கம் என் கவனம் திரும்பியது. பத்துக் கணினிகள், ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று நான்கு பிள்ளைகள். லேப் பீரியடு தவறாமல் நடக்கிறது, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது, அதோடு என் வேலை முடிந்தது என்றே பல நாள் இருந்துவிட்டேன். ஒரு வாரம் ஒன்பதாம் வகுப்பின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு லேப்பின் பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். யார் மவுஸைத் தொடுகிறார்களோ அவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடு. வார முடிவில் சில பெயர்களுக்கு நேரே கோடுகள் வேலி மாதிரி நின்றன. ஏறக்குறைய பாதிப் பெயர்களுக்கு நேரே ஒன்றுகூட இல்லை.

கோடு விழாத பெயர்களை வரிசையாகப் படித்தபோது எனக்கு மனது கனத்துப்போனது. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். காலனியிலிருந்து வருகிறவர்கள். ஐந்தாம் வகுப்புவரை மலைக்கிராமத்துப் பள்ளியில் படித்துவிட்டு வந்த இரண்டு பையன்கள். அவர்களை யாரும் தள்ளிவிடவில்லை. ஏற்கெனவே தெரிந்தவன் வேகமாகச் செய்வான், ஆசிரியருக்கும் பீரியடு முடிய வேண்டும், அதனால் மவுஸ் அவன் கைக்கே போகும். தெரியாத பிள்ளை தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே வருஷத்தை முடித்துவிடும். கல்வித் தொழில்நுட்பம் என்று நாம் சொல்வதெல்லாம் பள்ளிக்குள் இப்படித்தான் ஓடுகிறது. தண்ணீர் பள்ளத்துக்குப் பாயும். கருவிகளோ ஏற்கெனவே மேட்டில் நிற்கிறவர்களிடம் ஏறிப் போகின்றன. அதைத் திருப்பிவிட வேண்டியது பள்ளியை நடத்துகிறவரின் வேலை.

நாங்கள் செய்தது பெரிய காரியமில்லை. மவுஸ் பிடிக்கும் முறை பட்டியலின் கடைசிப் பெயரிலிருந்து தொடங்கும், ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறும், தெரிந்தவர் வாயால் சொல்லலாம், தொடக்கூடாது. மாலை 4.10-க்குப் பிறகு நடந்த லேப் பயிற்சியை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். மலையடிவாரத்துக்குப் போகும் டவுன் பஸ் 4.20-க்கு. அதை விட்டால் ஐந்து கிலோமீட்டர் நடை. பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள பிள்ளைகள் மட்டும் இரண்டு வருஷமாக அந்தப் பயிற்சியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

பார்வை குறைவுள்ள ஒரு மாணவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்மார்ட் போர்டு வந்ததும் அவன் முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்குப் போய்விட்டான். திரை வெளிச்சம் கண்ணைக் கூசியிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைக்குத் தேவையான வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று சொல்லும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். அவனுக்காகப் பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றியது அவன் பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு. திரையைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழும் படிக்கும். இப்போது லேப்பில் ஒரு கணினியில் போட்டு வைத்திருக்கிறோம்.

கருவி வாங்கிக் கொடுத்தாலே படிப்பு வந்துவிடும் என்று நம்பிய நாடுகள் உண்டு. பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012-ல் வந்த ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை என்றது. டெல்லியில் நடந்த ஆய்வு வேறு கதை சொன்னது. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்து கணக்கைத் தொடங்கும் மென்பொருள் 45 நிமிடம், பிறகு சிறு குழுவாக உதவி ஆசிரியரோடு 45 நிமிடம். நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் நான்காம் வகுப்பில் நிற்கிற பிள்ளைக்கு, ஏழாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு அழகான வீடியோவாகக் காட்டினாலும் ஏறாது. எங்கள் ஆசிரியர் கூட்டங்களில் இதை நான் அடிக்கடி சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் கண்ணெதிரே நடந்ததும் இருக்கிறது. கொரோனாவில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, பாடநூலில் கியூஆர் கோடு இருந்தது. இருந்தும் பிள்ளைகள் வெகுதூரம் பின்தங்கித்தான் வந்தார்கள். கிராமப்புறத்தில் சுமார் 19,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின்படி, திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு சரியாகிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாநில அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. மாலை நேரத்தில் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ ஊர்ப் பெண் ஒருவர் இருபது பிள்ளைகளோடு உட்கார்ந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் ஊர்த் தன்னார்வலர் கையில் இருந்தது ஒரு போன். அதை வருகைப் பதிவுக்கும், என்ன சொல்லித் தருவது என்று பார்த்துக்கொள்ளவும் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு முன்னால் இருந்தது அவருடைய முகம்தான்.

பட்டன் போனைக்கூட லேசாக நினைக்க வேண்டாம். 2020-ல் போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது, குறுஞ்செய்தியில் கணக்கு அனுப்பி, வாரம் ஒருமுறை போன் செய்து அந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து போட்டார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் குறிப்பிடும்படியான மாற்றமில்லை; குரலும் சேர்ந்து போன வீடுகளில் கற்றல் உயர்ந்தது. அதைப் படித்த பிறகு, பெற்றோர் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் ஆயாக்களிடமுள்ள பட்டன் போன் எண்களை வாங்கி, ஆளுக்கு நான்கு பிள்ளைகள் என்று ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டோம். சனிக்கிழமை காலை பத்து நிமிடம், இரண்டு கணக்கு. முதல் வாரம் ஒரு ஆயா எடுத்த எடுப்பிலேயே, "டீச்சரம்மா, புள்ள என்ன தப்பு பண்ணுச்சு?" என்று பதறிவிட்டார். பள்ளியிலிருந்து அவருக்கு அதுவரை வந்த அழைப்பெல்லாம் புகாருக்காக மட்டுமே வந்திருக்கிறது.

இன்னொன்றை எழுதாமல் விட முடியாது. எத்தனையோ பள்ளி வாட்ஸ்அப் குரூப்களில் நான் பார்த்திருக்கிறேன்: "கீழ்க்கண்ட எஸ்சி, எஸ்டி மாணவர்கள் உதவித்தொகைக்கு ஆதார் நகல் தரவில்லை" என்று தலைப்பிட்டு, கீழே பெயர்கள். அவசரத்தில் போட்டதுதான். ஆனால் ஒரே நொடியில் வகுப்பிலுள்ள எல்லா வீடுகளுக்கும் அந்தப் பிள்ளைகளின் சாதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அழித்தாலும் ஸ்கிரீன்ஷாட் நிற்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதி வன்மத்தால் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையைக் கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, வகுப்பில் ஆசிரியர் சாதியைச் சொல்லக்கூடாது என்பவை அதன் பரிந்துரைகளில் உண்டு. பதிவேட்டிலிருந்து எடுத்ததைக் குரூப்பில் போட்டால் என்ன பயன்? உதவித்தொகை விவரத்தைத் தனித்தனியாகப் போனில் சொல்லுங்கள், அல்லது பிள்ளையை அறைக்கு அழைத்துச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம்தான் ஆகும். மதிப்பெண் பட்டியலுக்கும் இதே பேச்சு. கடைசி ரேங்க் வாங்கிய பிள்ளையின் பெயர் ஊரிலுள்ள எல்லாப் போனிலும் இருப்பதில் யாருக்கும் படிப்பு ஏறாது.

சக தலைமையாசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எத்தனை கணினி இருக்கிறது என்ற கேள்வியோடு, யார் தொடவில்லை என்ற கேள்வியையும் வையுங்கள். எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்டபோது ஒரு அம்மா எழுந்து, தன் மகளுக்கு எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள எண், இருக்கிறதா என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

ஜனவரியில் செங்கல் சூளை வேலை தொடங்கிவிடும். திருவள்ளூர்ப் பக்கம் குடும்பத்தோடு போவார்கள், ஜூன் வாக்கில் திரும்புவார்கள். ஆறாம் வகுப்பில் இந்த வருஷம் மூன்று பிள்ளைகள் அப்படிப் போகிறார்கள். போன வருஷம் போன பையன், டிசி இல்லை என்று தயங்கி ஐந்து மாதம் எந்தப் பள்ளிக்கும் போகாமல் கல் அடுக்கிக்கொண்டிருந்தான். எமிஸில் பிள்ளையைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு மாற்றிவிட்டால், அங்குள்ள பள்ளி அந்த எண்ணை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அம்மா விசாரித்தது இதைத்தான். சூளைக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவிட்டேன். அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் பேசியாகிவிட்டது. மூன்று எமிஸ் எண்களையும் ஒரு அட்டையில் எழுதி, பின்பக்கம் என் போன் எண்ணையும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். பொங்கல் முடிந்ததும் கிளம்புகிறார்கள்.