லப்டொப் டிவிடி டிரைவ்: பழுது என்று முடிவெடுக்கும் முன்

"தம்பி, சீடி எடுக்குதில்ல, வேற டிரைவ் ஒன்று போட்டுத் தாங்க" என்று யாராவது லப்டொப்பை மேசையில் வைத்தால், எந்த இறுவட்டைப் போட்டுப் பார்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கடையில் வாங்கிய சீடி ஓடுகிறது, வீட்டில் எழுதிய சீடி மட்டும் ஓடவில்லை என்றால் உடனே டிரைவைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சீடி எல்லாம் ஓடி டிவிடி ஒன்றுமே ஓடாவிட்டால் கதை வேறு. சீடியைப் படிக்க 780 நனோமீற்றர் லேசரும் டிவிடியைப் படிக்க 650 நனோமீற்றர் லேசரும் தேவை. ஒன்று தளர்ந்தாலும் மற்றது வேலை செய்துகொண்டிருக்கும். ஆகவே புது டிரைவுக்குக் காசு கொடுக்குமுன் நல்ல சீடி ஒன்றையும் நல்ல டிவிடி ஒன்றையும் போட்டுப் பாருங்கள்.

இரண்டும் ஓடவில்லையா? அப்போது லென்ஸைப் பார்க்க வேண்டும். மேசைக் கணினியில் லென்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கும், தட்டு மட்டும்தான் வெளியே வரும். லப்டொப்பில் லென்ஸும் மோட்டாரும் தட்டோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். தட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் லென்ஸ் திறந்த வெளியில் கிடக்கிறது என்று அர்த்தம். நம் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரத்து மேசையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக் காற்றும் சேர்ந்துவிடும். அந்த ஈரப் பிசுக்கில் புழுதி ஒட்டினால் லேசாக ஊதுவதால் மட்டும் போகாது.

துடைக்கலாம், ஆனால் பொறுமை வேண்டும். அந்த லென்ஸ் மயிரிழை போன்ற மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது, பலமாக அழுத்தினால் திரும்ப நேராகாமல் போகலாம். லப்டொப்பை நிறுத்திவிட்டு, ரப்பர் ஊதியால் முதலில் புழுதியைத் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகும் மங்கலாகத் தெரிந்தால் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கொஞ்சம் தொட்டு, பாரமில்லாமல் ஒரு தடவு, அவ்வளவுதான். லென்ஸ் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதனால் தின்னர், நகப்பூச்சு நீக்கி எதுவும் கிட்டவே வரக்கூடாது. தூரிகை ஒட்டிய துப்புரவு சீடிகளை நான் சிபாரிசு செய்வதில்லை. அவ்வளவு ஒடுங்கிய இடத்தில் சுழலும் தூரிகை எதில் மாட்டும் என்று சொல்ல முடியாது.

அப்புறம், இறுவட்டைப் போடும் முறை. நடுவிலுள்ள பிடியில் அது 'டிக்' என்று உட்கார வேண்டும். உட்காராமல் தட்டை மூடினால் அது உள்ளே சாய்ந்து சுழன்று தன்னையும் கீறும், லென்ஸையும் தட்டும். அழுத்தும்போது மறு கையைத் தட்டின் அடியில் தாங்கிக் கொடுங்கள், அதன் தண்டவாளங்கள் மெல்லியவை. ஓடிக்கொண்டிருக்கும்போது லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அறை மாறவும் வேண்டாம். வட்டமாக ஒரே கோடாகக் கீறல் விழுந்த டிவிடிகளில் பல இப்படித் தூக்கி நடந்ததன் பலன்.

கீறல் என்றாலே எல்லாரும் மினுங்கும் பக்கத்தைத்தான் பொத்திப் பாதுகாக்கிறார்கள். சீடியில் தகவல் இருக்கும் படலம் பெயர் எழுதும் பக்கத்துக்குக் கீழேதான், மெல்லிய பூச்சு ஒன்றுக்கு அடியில் இருக்கிறது. மினுங்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பான பிளாஸ்டிக் காவல். ஆகவே பெயர் பக்கத்தில் போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதுவதுதான் பெரிய ஆபத்து. ஸ்டிக்கரும் வேண்டாம், அது ஓரம் கிளம்பினால் டிரைவுக்குள்ளேயே உரிந்துவிடும். டிவிடியில் படலம் நடுவில் இருப்பதால் இந்த விஷயத்தில் கொஞ்சம் பாதுகாப்பு அதிகம். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்குத் துடையுங்கள். குறுக்காக விழும் சிறு கீறலை டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும், சீடியில் சுமார் 2.5 மில்லிமீற்றர் இடைவெளி வரை தாங்கும். தடத்தோடு ஓடும் கீறல் அதற்கு மேல் அழித்துவிடும்.

தட்டு திறக்கவில்லை என்றால் கத்தியால் நெம்பாதீர்கள். லப்டொப்பை நிறுத்தி, சுழற்சி நிற்கும்வரை பொறுத்து, டிரைவின் முகப்பிலுள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராகத் தள்ளுங்கள். தட்டு கொஞ்சம் வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம்.

லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டு வந்த படம் ஓடவில்லை என்றால் அது பழுதாக இராமலும் இருக்கலாம். படக் கம்பனிகளின் டிவிடிகளில் பிரதேச எண் உண்டு: கனடா 1, பிரித்தானியா 2, இலங்கை 5. டிரைவில் இதை 5 தடவைதான் மாற்றலாம், அதற்குப் பிறகு கடைசியாக வைத்த எண்ணிலேயே நின்றுவிடும். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு படத்துக்கும் எண்ணை மாற்ற 'ஓகே' அழுத்திக்கொண்டு போகாதீர்கள்.

இதையெல்லாம் இன்று எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. புது லப்டொப்புகளில் இந்த டிரைவ் வருவதே அரிது. ஆனால் கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களும், சில வீடுகளில் அம்மாவின் எம்ஆர்ஐ ஸ்கானும் இன்னும் அலுமாரிக்குள் இறுவட்டாகத்தான் கிடக்கின்றன. எழுதும் வகை இறுவட்டுகளில் தகவலைத் தாங்குவது சாயப் படலம். வெயிலும் சூடும் அதை மெல்ல மெல்ல மங்கச் செய்யும். டிரைவ் படிக்கிற காலத்திலேயே ஹார்ட் டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். வீடியோ டிவிடியில் ஒரு கோப்பை மட்டும் பொறுக்காமல் முழு இறுவட்டையும் ஐஎஸ்ஓவாக, அதாவது ஒரே கோப்பாக, எடுத்தால் மெனுவும் சேர்ந்தே வரும், விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடும். பாதியில் நின்றால் இறுவட்டை இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, காயவிட்டு, வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பது சாதாரணம்.

கொப்பி எல்லாம் எடுத்த பிறகு டிரைவைக் கழற்றி அந்த இடத்தில் கெடி (அங்கே பொருந்தும் சட்டகம்) ஒன்றுடன் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்) போடுவது பழைய லப்டொப்புக்கு நல்ல மாற்றம்தான். வாங்குமுன் டிரைவின் தடிப்பை அளந்துகொள்ளுங்கள், 12.7 மில்லிமீற்றர், 9.5 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவு பொதுவாக வரும். கழற்றிய டிரைவை எறிய வேண்டாம். அதற்கான யூஎஸ்பி உறை கிடைக்கும். அதைப் பல முனை கொண்ட ஹப்பில் மாட்டாமல் லப்டொப்பிலேயே நேராக மாட்டுங்கள், இல்லாவிட்டால் மின்சாரம் போதாமல் சுழன்று சுழன்று நிற்கும்.