பச்சைத்தண்ணி குடித்தாலும் ஏறும் எடை

“பச்சத்தண்ணி குடிச்சாக்கூட உடம்பு வைக்குதுடி” என்று அக்கா சொன்னபோது வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. இரண்டாவது பிரசவம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. காலையில் இரண்டு இட்லி, மதியம் கொஞ்சம் சோறு, பல இரவுகளில் வெறும் மோர். ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போனது. கல்யாண மோதிரம் விரலில் இறுகி, சோப்பு போட்டும் கழலவில்லை. மே மாத வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொள்வாள். வந்து போன உறவுகள் எல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: வாயைக் கட்டு, தானாகக் குறையும்.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 42 என்று வந்தது. தைராய்டுச் சுரப்பியை வேலை செய்யத் தூண்ட மூளையடியில் சுரக்கும் ஹார்மோன் டிஎஸ்எச்; தைராய்டு மந்தமானால் இது ஏறும். நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது அது. மாத்திரை தொடங்கிய மூன்று மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. மோதிரம் விரலில் சுழல ஆரம்பித்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அத்தோடு எடை நின்றுவிட்டது. அடுத்த ஆறு மாதமும் அதே எண். டிஎஸ்எச் 2.3க்கு வந்துவிட்டது, கர்ப்பத்துக்கு முன்பிருந்ததைவிட எடை மட்டும் இன்னும் ஒன்பது கிலோ அதிகம். “தைராய்டுதான் சரியாயிடுச்சே, அப்புறம் ஏன் குறையல?” என்று அவள் கேட்டாள். “எனக்குத் தைராய்டு இருக்கு” என்று சொல்லும் ஆயிரமாயிரம் பெண்கள் கேட்கும் கேள்வி இது. விடை தேடிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது: பச்சைத்தண்ணி பற்றி அக்கா சொன்னதில் பாதி, எழுத்துக்கு எழுத்து உண்மை.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டுச் சுரப்பி சுமார் இருபது கிராம் எடைதான். அது பெரும்பாலும் சுரப்பது டி4 என்னும் ஹார்மோனை. ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் இருப்பதால் அந்தப் பெயர். டி4 நேரடியாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கல்லீரல், சிறுநீரகம், தசை போன்றவை அதிலிருந்து ஓர் அயோடினை வெட்டி டி3 ஆக்கிக்கொள்கின்றன. உடலில் இருக்கும் டி3-யில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படிச் சுரப்பிக்கு வெளியே உண்டாவதுதான்.

டி3 செல்லின் உட்கருவுக்குள் போய் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது ஓய்வெடுக்க வேண்டும் என்று மாற்றியமைக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் ஒவ்வொரு செல்லும் சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் இறைத்துக்கொண்டே இருக்கிறது. ஓய்வு நேரச் செலவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. டி3 கூடினால் இந்த இறைப்பு முடுக்கப்படும். தசைக்குள் கால்சியத்தை அள்ளிச் சேர்க்கும் பம்புகளும் வேகம் பிடிக்கும். இதெல்லாம் எரிபொருளைத் தின்று வெப்பத்தைத் தரும் வேலைகள். டி3 குறைந்தால் உடம்பு முழுவதும் அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. குளிர், மந்தம், மலச்சிக்கல், மெதுவான நாடித்துடிப்பு எல்லாம் அதிலிருந்து வருபவை. கொலஸ்ட்ரால் ஏறுவதும் இதனால்தான்: ரத்தத்திலிருந்து கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது.

அடுப்பு சிம்மில் இருந்தால் விறகு மிச்சமாகும், மிச்சமானது கொழுப்பாகச் சேரும் என்று நினைப்பது இயல்பு. ஓரளவு அது சரியும்கூட. ஹார்மோன் கிட்டத்தட்ட அற்றுப்போன நிலையில் ஓய்வு நேரச் செலவு 40 சதவீதம் வரை விழலாம். ஆனால் இன்று பரிசோதனையில் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்த எல்லை வரை போனவர்கள் அல்லர். அதோடு பசியும் மந்தப்படுகிறது. செலவு குறையும்போது வரவும் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அக்கா சாப்பிட்டதே குறைவு. அப்படியானால் அந்த நான்கு கிலோ எங்கிருந்து வந்தது?

ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை நினைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நகமளவு துண்டை இரவில் ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய நிற்கும். பிசின் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். தண்ணீரைப் பிடித்துக்கொள்வது அவற்றின் இயல்பு. நம் தோலுக்கு அடியிலும் அதே போன்ற சங்கிலிகள் இருக்கின்றன, ஹயலூரானிக் அமிலம் அவற்றில் முக்கியமானது. தைராய்டு ஹார்மோன் குறையும்போது இவை அளவுக்கு மீறிச் சேர்ந்து, பிசினைப் போலவே நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. போதாததற்குச் சிறுநீரகமும் உப்பையும் நீரையும் முன்போல வெளியேற்றுவதில்லை. கண்ணிமை அதைத்துப்போகும், நாக்கு தடிக்கும், குரல் கரகரக்கும், மோதிரம் இறுகும். இதய நோயிலும் சிறுநீரக நோயிலும் வரும் கால் வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழும். பிசின் போலக் கெட்டிப்பட்ட இந்த வீக்கத்தில் பொதுவாகக் குழி விழாது.

1870களில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆர்ட் இப்படி வீங்கியிருந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தபோது தோலுக்கடியில் கூழ் போன்ற பொருள் மண்டிக் கிடந்ததைக் கண்டார். மிக்ஸிடீமா என்று நோய்க்குப் பெயர் வைத்தார். சளி போன்ற வீக்கம் என்று பொருள். 1891ல் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரி என்ற இளம் மருத்துவர் ஆட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். சில மாதங்களில் வீக்கம் வடிந்து முகம் பழையபடி ஆனது. பிறகு அந்தச் சாற்றை வாய்வழியாகவே உட்கொண்டு அவர் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குத் தேவைப்பட்டவை 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள். இன்று அந்த இடத்தில் ஒரு சிறிய வெள்ளை மாத்திரை. படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும் கதை இது.

வடிந்தது என்ன என்பதை அளந்து சொன்னது டென்மார்க்கில் நடந்து 2011ல் வெளியான ஆய்வு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் உடலைக் கொழுப்பு தனியாக, மற்றவை தனியாகப் பிரித்து அளந்தார்கள். சராசரியாக நான்கு கிலோவுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. ஓய்வு நேரச் செலவும் ஏறியிருந்தது. கொழுப்பின் அளவு மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. போனது நீர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டுவந்ததோடு அது பொருந்துகிறது. தைராய்டுக் குறைவு தானாக ஏற்றும் எடை பொதுவாக 5 முதல் 10 பவுண்டு, அதாவது இரண்டிலிருந்து நாலரை கிலோ. அதில் பெரும்பகுதி உப்பும் நீரும் என்றே அமெரிக்கத் தைராய்டு சங்கமும் சொல்கிறது. நோய் மிக முற்றியவர்களுக்கு இதைவிட அதிகமாகலாம்.

ஆக, அக்காவின் நான்கு கிலோ தண்ணீர்க் கணக்கு. மாத்திரை அதைத் தீர்த்துவிட்டது. மிச்ச ஒன்பது கிலோ வேறு கணக்கு. கர்ப்பம், உறக்கமில்லாத இரவுகள், படியேறவே முடியாத ஓராண்டு அசதி, அதில் கரைந்த தசை எல்லாம் அதில் சேரும். தைராய்டுக் குறைவு ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு பிடிக்கும் நோய். பிள்ளைப்பேறு, மாதவிடாய் நிற்கும் காலம் என்று எடை எப்படியும் ஏறுகிற பருவங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. எது எதனால் என்று பிரிப்பது கடினம். எல்லாவற்றையும் தைராய்டின் மேல் போட்டுவிட்டு, மாத்திரை எல்லாவற்றையும் கரைக்கும் என்று காத்திருக்கிறோம்.

அம்பு எதிர்த்திசையிலும் பாயும் என்பது பலருக்குத் தெரியாது. கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மூளையைத் தூண்ட, டிஎஸ்எச் சற்றே ஏறுகிறது. உடல் பருமனான ஒருவருக்கு டிஎஸ்எச் 6 என்று வந்தால் அது எடையை ஏற்றிய காரணமாக இல்லாமல், எடை ஏறியதன் விளைவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு எடை குறைந்ததும் டிஎஸ்எச்சும் இறங்குவதைக் காண்கிறார்கள். அதனால்தான் லேசாக ஏறிய எண்ணைப் பார்த்தவுடனே மாத்திரை எழுதாமல், சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கிறார்கள். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் சோதிக்கிறார்கள். அந்தத் தாக்குதலால் சுரப்பியில் உண்டாகும் மாற்றங்களை 1912ல் முதலில் விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயரால்தான் நோய் இன்றும் அழைக்கப்படுகிறது.

இனி, வாயைக் கட்டும் விஷயம். சாப்பாட்டை வெகுவாகக் குறைத்தால் சில நாட்களிலேயே டி4-ஐ டி3 ஆக்கும் வேலையை உடம்பு குறைத்துவிடும். பஞ்சம் வந்துவிட்டது, அடுப்பை அடக்கு என்பது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். இந்தச் சமயத்தில் டிஎஸ்எச் பெரும்பாலும் ஏறாது. பரிசோதனைத் தாள் நன்றாகவே இருக்கும். மோரைக் குடித்துவிட்டுப் படுத்த என் அக்கா தன் சிம் அடுப்பை இன்னும் தணித்துக்கொண்டிருந்தாள். தசையும் சேர்ந்து கரைந்தது. உறவுகளின் அந்த அறிவுரை அவளுக்குச் செய்த தீங்கை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதைக்கிறது.

மாத்திரை எடுத்து டிஎஸ்எச் சரியான பிறகும் சிலருக்கு எடை அசையாமல் இருப்பது சோம்பேறித்தனம் அல்ல. 2016ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மாத்திரையால் டிஎஸ்எச் சீராக இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் சாப்பிடவில்லை, ஆனாலும் எடை கூடுதலாக இருந்தது. அவர்களின் ரத்தத்தில் டி4-ஐ ஒப்பிட டி3 குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான சுரப்பி டி4-உடன் கொஞ்சம் டி3-யும் தரும். மாத்திரை டி4 மட்டுமே. நோயாளி சொல்வதை மருத்துவர் காதுகொடுத்துக் கேட்க இந்த ஓர் ஆய்வே போதுமான காரணம்.

மாத்திரை உள்ளே முழுதாகப் போகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேறெதுவும் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். நம் வீடுகளில் அதற்குக் குறுக்கே நிற்பது காலைக் காபி. மாத்திரையோடு எஸ்பிரெசோ குடித்தவர்களுக்கு அது குடலில் சரியாக உறிஞ்சப்படவில்லை என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2008ல் காட்டினார்கள். நம் ஃபில்டர் காபியில் பாலும் சேர்கிறது. பாலில் கால்சியம் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அக்கா மூன்றையும் ஒரே உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தாள். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது சில ஆய்வகக் கருவிகளைக் குழப்பி டிஎஸ்எச்சை உண்மைக்கு மாறாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடச் சொல்கிறார்கள். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் பற்றிய பயம் மட்டும் மிகை. மாத்திரை எடுப்பவர் வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் கெடுதல் இல்லை.

எடை குறையவில்லையே என்று தானாக இன்னொரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அளவு மீறினால் தசையும் எலும்பும் கரையும். இதயம் தாளம் தப்பித் துடிக்கும். எடை குறைப்பதற்காக இதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்காவில் மருந்தின் தகவல் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். டி4 பாதியாகக் குறையவே ரத்தத்தில் ஏழு நாள் ஆகும்; அளவை மாற்றினால் புதிய நிலை உறுதிப்பட ஆறு வாரம் பிடிக்கும். மறு சோதனைக்கு ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

அக்கா இப்போது ஐந்தரைக்கு மாத்திரை போடுகிறாள், ஆறரைக்குக் காபி. இரும்புச்சத்தும் கால்சியமும் மதியத்துக்கும் இரவுக்கும் போய்விட்டன. மோர் இரவுகள் இல்லை. இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கட்டாயம் உண்டு. தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில்களைத் தூக்கி இறக்கி வாரம் மூன்று நாள் பயிற்சி செய்கிறாள். எட்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. போன வாரம் மாடிக்குத் துணி உலர்த்தப் போனவள், நடுவில் நிற்காமல் ஏறிவிட்டதை மொட்டை மாடியிலிருந்தே போனில் சொன்னாள்.