மாறுபாடு அல்ல, மாற்றுரு

ஒரு வரவேற்பறையின் நான்கு படங்கள். அவற்றின் கீழே 'மாறுபாடு 1', 'மாறுபாடு 2' என்று வரிசையாகத் தலைப்புகள். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றின் தமிழ் முகப்பு போட்டுக் கொடுத்த தலைப்புகளை அப்படியே விட்டு, வடிவமைப்பாளர் கோப்பை வீடு கட்டுபவரிடம் நீட்டினார். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. "எதுக்கு மாறுபாடு? நாம முடிவு பண்ணின பிளான்ல கை வச்சிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்.

கோப்பின் தமிழைச் சரிபார்க்க வந்திருந்த நானும் அந்த மேசையில் இருந்தேன். அவர் கேட்டது முழுக்க நியாயம். கட்டட வேலையில் மாறுபாடு என்றால், ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்றைச் சொல்ல, கட்டியது வேறொன்றாக நிற்பது. மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு படங்களிலும் அறை அதேதான், சுவரும் அதேதான். தரை ஓடும் மரவேலையும் விளக்கொளியும்தான் படத்துக்குப் படம் வேறு. ஒரு தவறான சொல் அவரைப் பயமுறுத்திவிட்டது. இந்தத் தலைப்பை இதே இடத்தில் பலமுறை பார்த்துப் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றைக்கு அப்படி இருக்க முடியவில்லை.

செயலியின் ஆங்கில முகப்பில் 'வேரியேஷன்' என்று இருப்பதைத்தான் தமிழில் 'மாறுபாடு' ஆக்கியிருக்கிறார்கள். 'வேரியேஷன்' இலத்தீன் மொழியின் 'வாரியஸ்' என்ற சொல்லில் பிறந்தது. பல நிறமுள்ளது, புள்ளி புள்ளியானது என்பது அதன் பழைய பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஒரே மெட்டை வேறு வேறு அலங்காரத்தோடு திரும்ப வாசிப்பதை மேலையிசையில் இந்தப் பெயரால் சொல்கிறார்கள். வடிவமைப்பில் வழங்கும் பொருளும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மெட்டு நிற்கிறது, அலங்காரம் மாறுகிறது.

செயலிகள் செய்வதும் அதைத்தான். 2022-இல் பொதுமக்கள் கைக்கு வந்த மிட்ஜர்னி என்ற படம் வரையும் செயலியில் ஒரு விவரிப்பு கொடுத்தால் நான்கு படங்கள் வரும். பிடித்த ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், அதன் சாயலில் இன்னும் நான்கு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற வேறு செயலிகளில் படம் வெறும் இரைச்சலிலிருந்து, அதாவது தாறுமாறாகச் சிதறிய புள்ளிகளிலிருந்து, தொடங்குகிறது. அந்த இரைச்சலை முடிவுசெய்வது 'விதை எண்'. விவரிப்பை அப்படியே வைத்து விதை எண்ணை மட்டும் மாற்றினால் புதுப் படம் கிடைக்கும். இருக்கிற அறையின் படத்தையே கொடுத்து வேலையைத் தொடங்கவும் வழி உண்டு. அப்போது மாற்றத்தின் அளவைப் பூஜ்யத்துக்கும் 1-க்கும் நடுவே வைக்க வேண்டும். பூஜ்யத்தில் படம் ஏறக்குறைய அப்படியே திரும்பும். 1-இல் கொடுத்த படத்தின் சுவடே இருக்காது. 2023-இல் வந்த கண்ட்ரோல்நெட் என்ற துணைக்கருவி அறையின் கோடுகளையும் ஆழத்தையும் பிடித்து நிறுத்த உதவியது. உள்ளக வடிவமைப்பாளர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டதற்குக் காரணமே இதுதான். எது மாறக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவர்களால் மாற்றத்தைக் கேட்க முடியும்.

ஆக, இந்தச் சொல்லுக்குள் இரண்டு பாதிகள் இருக்கின்றன: நிலைத்து நிற்பது ஒன்று, மாறுவது ஒன்று. 'மாறுபாடு' முதல் பாதியைத் தொலைத்துவிடுகிறது. தொலைப்பதோடு நிற்காமல் பகையையும் கொண்டு வருகிறது. "மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின் ஊறுபாடு இல்லை உயிர்க்கு" என்பது 945-ஆம் குறள். அங்கே மாறுபாடு என்பது உடம்புக்கு ஒவ்வாமை, முரண். இன்றைக்கும் 'கருத்து மாறுபாடு' என்றால் இருவர் ஒத்துப்போகவில்லை என்றுதான் பொருள். 'முன்னுக்குப் பின் மாறுபாடாகப் பேசினார்' என்றால் அது புகார். இத்தனை காலம் முரணைச் சுமந்து வந்த சொல்லைத் தூக்கி, ஒன்றோடொன்று உடன்பிறப்புகளாக இருக்கும் நான்கு படங்களுக்குத் தலைப்பாக வைப்பது எப்படிப் பொருந்தும்?

இதைவிட மோசம், புது வேரியேஷன் கேட்டு அழுத்தும் பொத்தானில் இருக்கும் 'மாறுபடு'. அது தன்வினை. பொத்தான் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. படத்தை மாற்றச் சொல்கிறோம். அங்கே பிறவினைதான் வரவேண்டும். 'மாறுபடு' என்று எழுதினால், அழுத்துகிறவரையே யாரோடோ முரண்படச் சொல்வது போல் இருக்கிறது. திரையைப் பார்க்காமல் ஒரு பட்டியலில் இருக்கும் ஒற்றைச் சொற்களை வரிசையாக மொழிபெயர்ப்பதால் வரும் கேடு இது. மொழிபெயர்ப்பவருக்கு அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்று யாரும் காட்டுவதில்லை. அவர்களும் கேட்பதில்லை, அகராதியின் முதல் சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. தவறான தமிழ்ச் சொல்லைப் பார்த்துப் பார்த்துத்தான் மக்கள் 'தமிழில் புரியாது, ஆங்கிலத்திலேயே வை' என்கிறார்கள்.

வேறு சொற்களையும் எடைபோட்டுப் பார்த்தேன். 'திரிபு' தொற்றுக் காலத்தில் நன்றாகப் பழகிய சொல்தான். ஆனால் வரலாற்றுத் திரிபு என்கிறோமே, அந்தக் குறை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'வகை' இனத்தைக் குறிப்பது. 'விகற்பம்' எனக்கு மிகவும் பிடித்தது. வெண்பாவில் எதுகை மாறாமல் வந்தால் ஒரு விகற்பம், மாறி மாறி வந்தால் பல விகற்பம் என்கிறோம். ஆனால் அது வடசொல் என்பதோடு, பேச்சில் 'விகற்பமாக எடுத்துக்காதீங்க' என்று வேறு வழியில் போய்விட்டது.

சரியான சொல்லின் அச்சு மொழியியலில் ஏற்கெனவே இருக்கிறது. கல், தங்கம், பகல் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்று இடத்திலும் மூன்று விதமாக ஒலிக்கும். ஆனாலும் நமக்கு அது ஒரே எழுத்து. ஒரே ஒலியன், அதன் பல மாற்றொலிகள் என்பார்கள் மொழியியலார். உள்ளே ஒன்று, வெளிப்படும்போது பல. அதே அச்சில் வார்த்தால் மாற்று + உரு, மாற்றுரு. மொழியியலிலிருந்து இப்படி எடுத்துக்கொள்வது கட்டடக்கலைக்குப் புதிதும் அல்ல. ஆய்வாளர்கள் ஜார்ஜ் ஸ்டைனியும் வில்லியம் மிட்செலும் 1978-இல், பழைய இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் மாளிகைத் தரைப்படங்களை விதிகளால் பிறப்பித்துக் காட்டியபோது, அந்த விதித்தொகுதிக்கு வைத்த பெயரே இலக்கணம்தான்.

'மாற்று' என்றால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்றாகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். தனியே நின்றால் அப்படித்தான். படிக்கட்டைக் கிழக்கிலிருந்து மேற்குக்கு நகர்த்தினால், சமையலறையும் கூடமும் இடம் மாறினால், அது மாற்றுத் திட்டம். பதிலுக்கு வைப்பது அது. 'உரு' சேரும்போது, மாறியது தோற்றம் மட்டும் என்று சொல்லே வரம்பு கட்டிவிடுகிறது. ஆங்கிலத்திலோ கட்டுமான ஒப்பந்தத்தில் இடையில் சேர்க்கும், நீக்கும் வேலைக்கும் 'வேரியேஷன்' என்றுதான் பெயர். நாம் அதை 'வேலை மாற்றம்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

அலுவலகப் பேச்சில் 'ரெண்டர்', 'ஆப்ஷன்', 'வேரியேஷன்' என்று சொல்லிக்கொள்ளட்டும், தவறில்லை. கையெழுத்துப் போடப்போகிறவர் படிக்கும் தாளில் மட்டும் சொல் நேராக இருக்க வேண்டும்.

மேலே சொன்ன கோப்பில் தலைப்புகளை 'மாற்றுரு' என்று திருத்திக்கொண்டே வந்தவள், மூன்றாவது படத்தில் நின்றுவிட்டேன். மற்றவற்றில் இடச்சுவரில் இருந்த சன்னல் அதில் ஓர் அடியாவது உள்ளே தள்ளி இருந்தது. கூரையின் குறுக்கே ஓடும் உத்தரத்தைக் காணோம். செயலி கேட்காமலே கட்டடத்தைத் திருத்தியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை. வடிவமைப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அந்த ஒரு படத்தின் கீழே மட்டும் 'மாறுபாடு' என்பதை அடிக்காமல் விட்டேன்.