தன்னோம்பல்: ‘செல்ஃப் ஹோஸ்டிங்’ என்ற சொல்லும் அதற்குள் இருக்கும் வேலையும்

தன்னோம்பல் (பெயர்ச்சொல்): ஒரு மென்பொருளின் வழங்கி (சர்வர்) பகுதியைத் தன் பொறுப்பிலுள்ள கணினியில் நிறுவி, தானே இயக்கிப் பராமரித்து வருவது. புழக்கத்தில் உள்ள வடிவம்: செல்ஃப் ஹோஸ்டிங். கணினி வீட்டுக்குள்ளேயே இருந்தால் வீட்டோம்பல் என்றும் சொல்லலாம்.

ஒளிப்படங்களுக்கு இம்மிச், படம் பார்க்க ஜெல்லிஃபின், கோப்புகளை ஒத்திசைக்க சின்க்திங், பழைய விளையாட்டுகளை அட்டைப்படத்தோடு அடுக்கி வைக்க ரோம்எம் என்று இதில் ஆளுக்கொரு பட்டியல் இருக்கும். பழைய விளையாட்டுகளை ஆடக் கையடக்க ரெட்ரோ கருவி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வருவதற்கு வழக்கமான காரணம் இன்னும் சின்னது. கைக்கருவியில் பாதி ஆடிய ஆட்டத்தை மேசைக் கணினியில் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சின்ன ஆசையை வைத்தே இந்தச் சொல்லை உரசிப் பார்க்கலாம்.

முதலில் ‘ஹோஸ்ட்’. இதன் மூலம் லத்தீன் மொழியின் ‘ஹோஸ்பெஸ்’. விருந்து இடுபவர், விருந்தாக வருபவர் இருவருக்கும் லத்தீனில் அந்த ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. ஹாஸ்பிட்டல், ஹோட்டல், ஹாஸ்டல் எல்லாம் இதே குடும்பம். நெருங்கிய உறவான ‘ஹோஸ்டிஸ்’ முதலில் அயலாரையும் பிறகு பகைவரையும் குறித்தது. வந்து நிற்பவர் விருந்தாளியா பகையாளியா என்ற ஐயம் வேரிலேயே இருக்கிறது. இணையத்தை நோக்கி ஒரு போர்ட்டை (கணினியின் இணைப்பு வாசலை) திறந்து வைத்துவிட்டு, யார் யார் வந்து தட்டினார்கள் என்ற லாகை மறுநாள் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணினிப் பொருள் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தது. அங்கே தரவுப் பொட்டலங்களைக் கடத்தும் இடைநிலைப் பொறிகளுக்கு ஐஎம்பி என்று பெயர். அவற்றோடு இணைக்கப்பட்டு, பயனர்களுக்கு இடம் கொடுத்த கணினிகளே ஹோஸ்ட்கள். 1969 ஏப்ரலில் ஸ்டீவ் குரோக்கர் எழுதிய, அந்த வலையமைப்பின் ஆவணத் தொடரில் முதலாவதான ஆர்எஃப்சி 1-இன் தலைப்பே ‘ஹோஸ்ட் சாஃப்ட்வேர்’. எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்ற பட்டியல் ஒரே கோப்பாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் பராமரிக்கப்பட்டது. மற்றவர்கள் அதைப் படியெடுத்துக்கொண்டார்கள். பட்டியல் கட்டுக்கடங்காமல் வளர, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறையை வகுத்தார்.

அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்றும் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் ஈடிசி கோப்புறைக்குள் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ்ஸைக் கேட்கும் முன் அதுதான் படிக்கப்படும். புதிதாக நிறுவிய சேவையைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்க்க, அதில் வழங்கியின் முகவரியை (192.168.1.20 என்பது போல) எழுதி ஓர் இடைவெளி விட்டுப் பெயரைச் சேர்த்தால் போதும். சோதனை முடிந்ததும் அந்த வரியை நீக்க மறந்தால், சில மாதம் கழித்து வழங்கியின் முகவரி மாறும்போது ஒரே ஒரு கணினியில் மட்டும் சேவை கிடைக்காமல் போகும். ரவுட்டரையும் டிஎன்எஸ்ஸையும் குடைந்து அலுத்த பிறகுதான் இந்தக் கோப்பு நினைவுக்கு வரும்.

‘செல்ஃப் ஹோஸ்டிங்’ என்ற கூட்டுச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரு நிரல்பெயர்ப்பி (கம்பைலர்) தன்னுடைய மூலநிரலைத் தானே பெயர்த்துக்கொள்ளும் நிலையை அப்படிச் சொல்வார்கள். 1962-இல் எம்ஐடியில் டிம் ஹார்ட்டும் மைக் லெவினும் லிஸ்ப் மொழிக்கு எழுதிய பெயர்ப்பி இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. தன்னோம்பல் என்பது அந்தப் பொருளுக்குப் பொருந்தாது. அதற்கு ‘தன்னைத் தானே பெயர்க்கும் பெயர்ப்பி’ என்று விரித்துச் சொல்வதே நல்லது.

தமிழுக்கு வருவோம். ‘சர்வர்’ என்பதற்கு வழங்கி, சேவையகம் இரண்டும் நிலைத்துவிட்டன. அவற்றைத் தொட வேண்டாம். சிக்கல் ‘ஹோஸ்டிங்’கில்தான். அதற்கும் ‘வழங்கல்’ என்றே எழுதுகிறார்கள். ஆனால் ஹோஸ்ட் வேறு, சர்வர் வேறு. ஒரே சிறு கணினியில் இருபது வழங்கிகள் ஓடலாம். வழங்குவது அந்த இருபதின் வேலை. அவற்றுக்கு இடம், மின்சாரம், வட்டு, காப்பு நகல் எல்லாம் தந்து தாங்கி நிற்பது அந்த ஒரு கணினியின் வேலை. ‘புரவலர்’ என்ற பரிந்துரையும் உண்டு. புரத்தல் என்றால் காத்தல்; வேர் சரிதான். ஆனால் தமிழில் புரவலர் என்றதும் பாணருக்குப் பொருள் கொடுத்த வள்ளல் நினைவுக்கு வருகிறார். தனக்குத் தானே புரவலர் என்றால் சிரிப்புத்தான் வரும். ‘இடமளித்தல்’ சோம்பேறித்தனமான சொல். இடம் கொடுத்ததோடு வேலை முடிந்துவிடும் என்ற பொய்யை அது சொல்கிறது.

‘ஓம்பு’ அப்படியல்ல. விருந்தோம்பல் என்று திருக்குறளில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. அங்கே ஓம்பல் என்பது வந்தவருக்கு ஒரு வேளைச் சோறு போட்டு அனுப்புவதோடு முடிவதில்லை; பேணுதல், குறைவராமல் பார்த்துக்கொள்ளுதல் எல்லாம் அதில் அடக்கம். உயிரியல் பாடநூல்களில் ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிரை ‘ஓம்புயிர்’ என்று பல காலமாக எழுதி வருகிறோம். ஆங்கிலத்தில் அதுவும் ‘ஹோஸ்ட்’தான். அதாவது இந்தச் சொல்லுக்கு இந்த வேரைப் பொருத்துவது புதுமுயற்சி அல்ல. பக்கத்து வகுப்பறையில் ஏற்கெனவே நடந்ததுதான்.

ஓம்பு என்ற சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ‘நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும், அல்லது செய்தல் ஓம்புமின்’ என்கிறது புறநானூற்றின் 195-ஆம் பாட்டு. இங்கே ஓம்புதல் என்றால் தவிர்த்தல், நேராமல் காத்துக்கொள்ளுதல். பேணுவது, வராமல் தடுப்பது என்ற இரண்டையும் ஒரே வினை சொல்லிவிடுகிறது. தன்னோம்பலின் வேலையும் இந்த இரண்டும்தான்.

பேணுவதை முதலில் பார்ப்போம். விளையாட்டின் சேவ் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேட்ரிட்ஜ்கள் பலவற்றில், ஒரு காசு பேட்டரியின் உயிரில் சிறு நினைவகம் ஒன்று ஆட்டத்தின் நிலையைப் பிடித்து வைத்திருந்தது. பழைய கருவிகளைப் போலச் செய்யும் எமுலேட்டர் செயலியான ரெட்ரோஆர்ச் உருவாக்கும் எஸ்ஆர்எம் கோப்பு அந்தச் சேமிப்பு நினைவகத்தின் நகல். கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களில் 512 பைட் முதல் 128 கிலோபைட் வரைதான் அதன் அளவு. இத்தனூண்டு கோப்பைக் காப்பாற்ற எத்தனை இடத்தில் கண் வைக்க வேண்டும் என்று பாருங்கள்.

ஆட்டத்துக்குள் ‘சேவ்’ கொடுத்ததும் கோப்பு வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைப்போம். அப்படியில்லை. அது எமுலேட்டரின் நினைவகத்தில் மட்டுமே பதிந்திருக்கும். ரெட்ரோஆர்ச் இயல்பாக அதைக் கோப்பாக எழுதுவது ஆட்டத்தை மூடும்போது. ஆட்டத்தை மூடாமல் கருவியைத் தூங்க வைத்து, தூக்கத்திலேயே பேட்டரி இறங்கிப் போனால், சேவ் செய்தது சேவ் செய்யாததாகிவிடும். அமைப்புகளில் சேவிங் பகுதிக்குப் போய் சேவ்ரேம் ஆட்டோசேவ் இடைவெளியை 10 வினாடி என்று வையுங்கள். புதுக் கருவி கையில் வந்ததும் முதல் வேலை இதுதான்.

அடுத்தது பெயர். விளையாட்டின் நகலான ரோம் கோப்பின் பெயரும் சேவ் கோப்பின் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கருவியில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாட்டுக் குறியீடு இருந்து, மற்றதில் இல்லாவிட்டால் ஆட்டம் புதிதாகத் தொடங்கும். ரெட்ரோஆர்ச்சில் ஒவ்வொரு பழைய கருவியையும் போலச் செய்யும் பகுதிக்குக் கோர் என்று பெயர். ‘சேவ்களைக் கோர் பெயர்ப்படி கோப்புறையில் பிரி’ என்ற அமைப்பு ஒன்றில் இயங்கி மற்றதில் அணைந்திருந்தாலும் இதே கதி. கேம்பாய் அட்வான்ஸ் எமுலேட்டரான எம்ஜிபிஏவின் தனிச் செயலி அதே தரவை எஸ்ஏவி என்ற பின்னொட்டோடு எழுதும். பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பின்னொட்டை மாற்றினாலே போதும். ஸ்டேட் கோப்புகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை எமுலேட்டரின் மொத்த நினைவகத்தின் உறைநிலைப் படம். கோர் மாறினாலும், சில சமயம் அதன் பதிப்பு மாறினாலுமே திறக்காது. பழைய ஸ்டேட்டைத் திறந்தால் அதற்குள் இருக்கும் பழைய சேவ், புதிய சேவின் மேல் ஏறிவிடுவதும் உண்டு. அதைத் தடுக்கவும் ஓர் அமைப்பு இருக்கிறது, இயக்கி வையுங்கள்.

இப்போது ஓம்பியின், அதாவது ஹோஸ்ட் கணினியின் வேலை. சின்க்திங்குக்கு நடுவில் வழங்கி தேவையில்லை. இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். கைக்கருவி வைஃபையை அணைத்துத் தூங்குகிறது, மேசைக் கணினி மாலையில்தான் எழுகிறது. எப்போதும் விழித்திருக்கும் மூன்றாவது ஒன்று இருந்தால்தான், இவர் விட்டுச் சென்றதை அவர் வரும்வரை வைத்திருந்து கொடுக்க முடியும். ஹோஸ்ட் என்பதன் பொருளை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

இங்கே அதிகம் கடிப்பது கடிகாரம். விலை குறைந்த கைக்கருவிகள் பலவற்றில் நேரத்தைத் தக்கவைக்கத் தனி பேட்டரி கிடையாது. அணைத்து எழுப்பினால் தேதி எங்கேயோ பின்னால் போய் நிற்கும். ஒரே சேவ் இரண்டு இடத்திலும் மாறியிருந்தால் சின்க்திங் மாற்ற நேரத்தைப் பார்க்கும். எது பழையதோ அதற்கு ‘சின்க் கான்ஃப்ளிக்ட்’ என்று பெயரில் ஒட்டு போட்டு ஒதுக்கிவிடும். நேற்று இரவு மூன்று மணி நேரம் ஆடிய சேவில் 1970 என்று தேதி விழுந்திருந்தால் அதுதான் பழையது. கோப்பு அழியவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது. ஒட்டை நீக்கி மீட்கலாம். ஆனால் அது தெரியாதவர் ‘சேவ் போச்சு’ என்று கருவியைக் கீழே வைத்துவிடுவார். வைஃபை இணைந்து கடிகாரம் சரியான பிறகு ஆட்டத்தைத் திறப்பது ஒரு பழக்கமாக வேண்டும்.

மெமரி கார்டு பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கும். லினக்ஸின் கோப்பு அனுமதிகள் அங்கே தங்காது. ஆகவே கைக்கருவியில் அந்தக் கோப்புறைக்கு ‘அனுமதிகளைப் புறக்கணி’ என்பதை இயக்க வேண்டும். பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதியை ஓம்பியில் இயக்குங்கள். வேறு கருவியிலிருந்து வந்த மாற்றத்தால் மேலெழுதப்பட்டதை மட்டுமே அது காக்கும். கைக்கருவியில் இயக்கினால், அங்கேயே ஆடி மேலெழுதிய சேவ் அதில் சேராது. ஒத்திசைவு காப்பு நகல் ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது: ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் சொன்ன பேச்சைக் கேட்டு அழித்துவிடும். அந்தக் கோப்புறை தினம் ஒரு முறை வேறொரு வட்டுக்குப் போக வேண்டும்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் அடைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தரவுக் கோப்புறையை வெளியே இணைக்காமல் விட்டால், கன்டெய்னரை மறுபடி உருவாக்கும் நாளில் உள்ளே இருந்தது எல்லாம் போய்விடும். கன்டெய்னரின் வார்ப்பான இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதி வைத்தால், ஒரு நாள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவி, பழைய தரவுக் கோப்புகளைப் படிக்க முடியாது என்று எழ மறுக்கும். பதிப்பு எண்ணை எழுதி வையுங்கள். மாற்றும் முன் பழைய பதிப்பிலேயே தரவை ஏற்றுமதி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓம்புதலின் மற்ற முகம், அல்லதைத் தவிர்ப்பது. வெளியிலிருந்து வீட்டு வழங்கியை அடைய ரவுட்டரில் சின்க்திங்கின் மேலாண்மைப் பக்கத்தையே (போர்ட் 8384) திறந்து வைப்பவர்கள் உண்டு. வேண்டாம். வயர்கார்டு என்ற விபிஎன் (மறைகுறியாக்கிய தனிவழி) நிறுவி யுடிபி 51820 என்ற ஒரு போர்ட்டை மட்டும் திறந்தால் மற்ற எல்லாம் அதன் உள்ளே நடக்கும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால், இணையச் சேவை தருபவர் பலரை ஒரே பொது முகவரியின் பின்னால் நிறுத்தியிருக்கிறார் என்று பொருள். வெளியிலிருந்து வருவதை உள்ளே திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டை எவ்வளவு திருத்தினாலும் வேலை செய்யாது. டெயில்ஸ்கேல் போன்ற தனிவழிச் சேவை ஒன்றோ, வாடகைக் கணினி வழியான சுரங்கமோ வேண்டும். இன்னொரு பொறி: யுஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் தீச்சுவரை வைத்துப் போர்ட்டை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம். டாக்கர் வெளியிடும் போர்ட்கள் அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டாக்கர் அமைப்பில் போர்ட் எண்ணின் முன் 127.0.0.1 என்று சேர்த்து எழுதினால்தான் அது அந்தக் கணினியோடு நிற்கும்.

சொல்லின் இலக்கணம் எளிது. தன் + ஓம்பல்: தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், ஆகவே தன்னோம்பல். ‘தன்னைத் தானே பேணிக்கொள்வது என்றல்லவா படுகிறது’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தன்னாட்சியிலும் இதே இரட்டைப் பொருள் இருக்கிறது. ஆள்வதும் தான், ஆளப்படுவதும் தான். இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஹோஸ்ட் கணினி ஓம்பி, ஹோஸ்ட்நேம் ஓம்பிப்பெயர், மெய்நிகர் பொறியில் மேலே ஓடும் கெஸ்ட் இயங்குதளம் விருந்து இயங்குதளம். வாடகைக் கணினியில் தானே நிறுவிப் பார்த்துக்கொள்வதும் தன்னோம்பலே, வீட்டோம்பல்தான் இல்லை. இதில் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். கணினி எங்கே இருக்கிறது என்பதைவிட அது நின்றுபோனால் எழுந்து போய்ப் பார்ப்பவர் யார் என்பதே அளவுகோலாக இருக்கட்டும்.

பணம் கொடுத்துப் பிறர் பொறுப்பில் விடுவதற்கும் இதே வேரில் ஒரு பழஞ்சொல் காத்திருக்கிறது: ஓம்படை. அகப்பாட்டு மரபில், தலைவியை ‘இவளைக் கைவிடாது காத்துக்கொள்’ என்று தோழி தலைவனிடம் ஒப்படைத்துச் சொல்லும் பேச்சு அது. ‘மின்னஞ்சலை மட்டும் ஓம்படையாக விட்டிருக்கிறேன், மற்றதெல்லாம் தன்னோம்பல்’ என்று எழுதினால் இரண்டு ஏற்பாடும் ஒரே வரியில் விளங்கும்.