பழைய படத்தில் குங்குமம் ஏன் கறுப்பு?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில், சுவரின் உச்சியில் சாய்த்து மாட்டிய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நாற்காலியில் ஐயா, பக்கத்தில் ஆச்சி. நெற்றிக் குங்குமம் கன்னங்கரேலென்று இருக்கும். அரக்குக் கண்டாங்கிச் சேலையும் ஒரே இருட்டு. கட்டம் எது, கரை எது என்றே பிடிபடாது. வெளியில் எடுத்த படமென்றால் வானம் வெறும் வெள்ளை. படம் பழசாகிப்போனதால் வந்ததல்ல இது. எடுத்த அன்றே அப்படித்தான்.

அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில், ஜெலட்டினில் கலந்த வெள்ளி புரோமைடுப் படிகங்கள் பூசப்பட்டிருக்கும். ஒளி பட்டதும் படிகத்துக்குள் ஓர் எலக்ட்ரான் கழன்று, வெள்ளி அயனியோடு சேர்ந்து வெள்ளி அணுவாகும். இப்படி நாலைந்து அணுக்கள் ஓரிடத்தில் திரண்டால் போதும். டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட்டதும் படிகம் முழுக்க வெள்ளியாகிக் கறுத்துவிடும். ஒளி படாத மிச்சப் படிகங்களை ஹைப்போ என்ற இன்னொரு கரைசல் கரைத்துவிடும். ஒளி பட்ட இடம் கறுப்பாகவும் படாத இடம் வெறுமையாகவும் இருக்கும் நெகட்டிவ் தயார்; பிரிண்டில் இது தலைகீழாகும்.

ஆனால் எலக்ட்ரானைக் கழற்ற ஒளிக்குத் தெம்பு வேண்டும். நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் அது உண்டு. அலைநீளம் கூடக்கூடத் தெம்பு குறையும்; சுமார் 500 நானோமீட்டரைத் தாண்டி, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போனால் படிகம் அசையாது. சிவப்பு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சரி, அதன் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளித்துகளும், சோனிதான். கூட்டமாக வந்தாலும் பயனில்லை.

அதனால் நீல வானம் நெகட்டிவில் அடர்ந்து பதிந்து, பிரிண்டில் வெளுத்துப்போகும். குங்குமம் பதியவே பதியாது, பிரிண்டில் கறுப்பு. மஞ்சள் பூசிய முகத்துக்கும் இதே கதிதான். மஞ்சள் நீலத்தை விழுங்கிவிடுவதால், பூசிக் குளித்து வந்தவர் படத்தில் இன்னும் கறுத்துத் தெரிவார். ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவில் பென்சிலால் தடவி முகத்தை வெளுப்பாக்கியதற்கு நம்முடைய நிற மோகம் மட்டும் காரணமல்ல, தகட்டின் குருட்டுத்தனமும்தான்.

1873இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் ஒரு வழி கண்டார். படிகத்தோடு தகுந்த சாயத்தைச் சேர்த்தால், சாயம் ஒளியை வாங்கிப் படிகத்துக்குக் கொடுக்கும். பச்சையும் மஞ்சளும் ஓரளவு பதியத் தொடங்கின. சிவப்பும் பதியும் தகடுகள் 1906 வாக்கில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. அவற்றைக் கழுவ முழு இருட்டு வேண்டும். பழைய தகட்டையோ சிவப்பு பல்பைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் கழுவலாம். அந்த வசதியை ஸ்டூடியோக்காரர்கள் சும்மாவா விட்டுவிடுவார்கள்? பிரிண்ட் போடும் தாள் பிற்காலத்திலும் சிவப்பைக் காணாததாகவே இருந்தது. அதனால்தான் கறுப்பு வெள்ளைக் காலம் முடியும் வரை டார்க் ரூமில் அந்தப் பல்பு எரிந்தது.

இப்போது இந்தப் படங்களை ஆப்பில் போட்டு வண்ணமாக்குகிறோம். தகட்டில் சிவப்பும் கறுப்பும் ஒரேமாதிரி வெறுமையாகத்தான் பதிந்தன; பிரித்துச் சொல்ல அங்கே ஒரு தடயமும் இல்லை. ஆப் போடுவது ஊகம். சேலை அரக்கா கறுப்பா என்பதை, அதைக் கட்டிப் பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கேட்டுக்கொண்டு அப்புறம் வண்ணம் தீட்டலாம்.